கணிப்பொறியின் விடியற்பொழுதும் அதற்குரிய மொழியும்

கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். திரை சிறிது நேரம் கறுத்துக் கிடக்கிறது. பிறகு ஏதோ சில எழுத்துகள் ஓடி மறைகின்றன. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்தபின் நமக்குப் பழக்கமான படங்களும் பட்டியல்களும் வந்து நிற்கின்றன. இந்த இடைப்பொழுதைக் காத்திருக்கும் நேரம் என்று தள்ளிவிடுகிறோமே தவிர, அதில் நடப்பது யாது என்று கேட்பார் சிலரே. உண்மையில் அச்சிறு பொழுதிற்குள் பற்பல வேலைகள் வரிசை தவறாமல் நடந்தேற வேண்டும். அவற்றை நடத்துவிக்கும் ஆணைகளை எந்த மொழியில் எழுதிவைப்பது என்பது கணிப்பொறி வல்லுநரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. மொழியைப் பற்றிய வழக்காதலின் தமிழாசிரியர்க்கும் இதில் அக்கறை இருக்கும் என்று நம்பியே இதனை எழுதத் துணிந்தேன். அன்றியும், பள்ளியில் உள்ள கணிப்பொறி ஒரு நாள் காலை எழ மறுத்தால் அதனை எழுப்ப வல்லவர் யார் என்பதும் இவ்வழக்கின் முடிவைப் பொறுத்ததே.

இங்கே மொழி என்றது பொறிக்கு ஆணையிடும் மொழியை. அதில் இரு வகை உண்டு. சி முதலான மொழிகளில் எழுதியதை முன்னதாகவே முழுவதும் பொறிக்குரிய எண்குறிகளாகப் பெயர்த்து வைத்துவிடுகிறார்கள். பெயர்த்தபின் மூலம் உடனிருக்க வேண்டியதில்லை. மற்றொரு வகையில், எழுதிய வரிகள் எழுதியபடியே கோப்பில் கிடக்கும். ஓட்டும் வேளையில் வேறொரு நிரல் பக்கத்தில் நின்று அவற்றைப் படித்து, அவ்வப்போது பொருள் கண்டு செய்விக்கும். முன்னது மொழிபெயர்த்து அச்சிட்ட நூல் போன்றது. பின்னது உடன் நின்று பேசும் துபாஷியைப் போன்றது. பின்வகையில் எழுதப்படுவதையே ஸ்கிரிப்ட் என்கிறார்கள். நாம் ஆணைக்கோவை எனலாம். எவரும் திறந்து படிக்கலாம், ஒரு வரியைத் திருத்தலாம், மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் நன்மை. துபாஷி வந்து சேராதவரை ஒரு வேலையும் நடவாது என்பது இதன் குறை. இக்குறையை வாசகர் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் பொருள் முழுவதும் இதைச் சுற்றியே வருகிறது.

பெரட்டுக் களம்

ஜெலாப்பாங்கில் இன்று கண்ணிற்படுவன வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையுமே. ஆயினும் பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மூத்தோர் ஈப்போ வட்டாரத்தில் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரட்டு என்றால் விளக்கம் வேண்டாம்; இளையோர்க்காகச் சொல்கிறேன். பொழுது புலருமுன் மணி அடிக்கும். தொழிலாளர் வந்து வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர்ப் பதிவேட்டைப் படிப்பார். யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரிந்த பிறகே அவரவர்க்கு நிரை ஒதுக்கப்படும். பால்மரம் சீவுவோர் முதலிற் செல்லவேண்டும். வெயில் ஏறினால் பால் குறையும். அவர்கள் பால் கொண்டுவந்து கொட்டிய பின்னரே பால் கொட்டகையில் வேலை. கொட்டகை வேலைக்காரரை விடியுமுன் அழைத்து நிறுத்துவதாற் பயனில்லை. எது எதற்குப் பின் என்னும் முறை பிறழ்ந்தால் அன்றைய நாளே பாழ்.

அக்களத்தில் வழங்கிய மொழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை ஆண்டவர் ஆங்கிலேயர். ஆனால் ஆங்கிலத்தில் ஆணையிட்டால் கேட்பவர் இல்லை. ஆதலால் தோட்டத் துரையாக வந்தவர் தமிழ் கற்கவேண்டியிருந்தது. அதற்கெனத் தேர்வும் நடந்தது. துரைமார்க்குத் தமிழ் கற்பிக்கும் கைநூல்களும் அச்சாயின. அவர்கள் கற்ற தமிழைக் கேட்டு நம் புலவர்கள் முகஞ்சுளித்திருக்கக்கூடும். ஏவல் வினைகள் சில, கருவிப் பெயர்கள் சில, எண்கள், பொழுதைக் குறிக்கும் சொற்கள்—ஏறக்குறைய அவ்வளவே. ஆயினும் அவ்வேளையில் அங்கு நிற்பவர் அனைவர்க்கும் இடையாள் இன்றி விளங்கியது அந்தச் சிறு மொழியே. கணிப்பொறியின் விடியற்பொழுதுக்கு மொழி தேர்வோர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது: அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு எது விளங்கும்?

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல். அது வட்டைத் தேடி, ஏற்றி என்னும் நிரலை அழைக்கிறது. ஏற்றி, இயங்குதளத்தின் கருவைக் கொண்டுவந்து நினைவகத்தில் வைக்கிறது. கெர்னல் என்று வழங்குவது இக்கருவே. கரு எழுந்து பொறியின் உறுப்புகளை அறிந்துகொண்டபின் ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைக்கிறது. யூனிக்ஸ் மரபில் அதற்கு இனிட் என்று பெயர். அதன் வரிசை எண் 1. பயனர் காணும் மற்ற நிரல்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. வட்டுகளைச் சோதித்தல், அவற்றைக் கோப்பு மரத்தில் இணைத்தல், கடிகாரத்தைச் சரிசெய்தல், பொறிக்குப் பெயரிடுதல், வலையமைப்பை எழுப்புதல், அச்சிடுதற்கும் அஞ்சலுக்கும் உரிய பணிநிரல்களைத் தொடங்குதல், இறுதியில் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்றல்—இவை இனிட்டின் பொறுப்பில் நடப்பவை. வட்டை இணைக்குமுன் அவ்வட்டில் உள்ள நிரலை அழைக்க இயலாது. வலை எழுமுன் வலைவழிக் கோப்பைத் திறக்க இயலாது. பெரட்டின் முறையே இங்கும்.

ஷெல் வந்த வரலாறு

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் யூனிக்ஸ் பிறந்தது. 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் என்பார் இயற்றிய ஷெல் இடம்பெற்றது. பயனர் தட்டச்சிடும் ஆணையை வாங்கிக் கருவினிடம் சொல்லிச் செய்விப்பது ஷெல். கருவைச் சூழ்ந்த ஓடு ஆகையால் அப்பெயர். கையால் தட்டச்சிட்டதைச் செய்வது போலவே, கோப்பில் எழுதி வைத்ததையும் அது படித்துச் செய்யும். ஏழாம் பதிப்பில் இனிட் எழுந்ததும் ஆர்சி என்னும் ஒரு கோப்பை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டுவித்தது. இயங்குதளத்தின் தொடக்க ஆணைகள் ஷெல் மொழியில் அமைந்த மரபு இவ்வாறு வேரூன்றியது.

போர்னின் மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. அல்கால் 68 என்னும் மொழியைப் பின்பற்றி, ஒரு தொடரைத் திறக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக எழுதி அத்தொடரை முடிப்பார். நிபந்தனை கூறும் இஃப் என்னும் ஈரெழுத்துச் சொல்லைத் திருப்பினால் ஃபி, அதுவே முடிவுச்சொல். கேஸ் என்பதைத் திருப்பினால் ஈசாக். இம்முறைப்படி டூ என்று தொடங்குவது ஓடி என்று முடியவேண்டும். அப்பெயரில் வேறொரு கருவி முன்னமே வழக்கில் இருந்தமையால், அங்கு மட்டும் முறையை விட்டு டன் என்று முடித்தார். நம் மாலைமாற்றுக்கு இது உறைபோடக் காணாது. ஆனாலும் எழுத்தை மாற்றி விளையாடும் ஆசை பொறியியலார்க்கும் உண்டு என்பது தெரிகிறது.

ஷெல்லை நயமான மொழி என்று எவரும் சொல்லார். அதன் வலிமை அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. வட்டின் ஒரு பகுதி கெட்டுத் தொடக்கம் பாதியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படங்கள் இல்லை, சுட்டி இல்லை, வலை இல்லை. கறுப்புத் திரையில் ஒரு குறி மட்டும் மின்னுகிறது. அக்குறிக்குப் பின்னால் நின்று ஆணைக்குக் காத்திருப்பது ஷெல்லே. தொடக்க ஆணைக்கோவையும் அதே மொழியில் இருந்தால், பழுது பார்ப்பவர் கோப்பைத் திறந்து, நின்றுபோன வரியைக் கண்டு, அதையே கையால் தட்டச்சிட்டுப் பார்க்கலாம். பிழை எதுவென்று உடனே தெரியும். எழுதிய மொழியும் பழுது பார்க்கும் மொழியும் ஒன்றாயிருப்பதன் அருமை, நள்ளிரவில் ஒரு பொறியோடு போராடினவர்க்கே நன்கு விளங்கும். மற்ற மொழிகளுக்காக வாதாடுவோர் இந்த ஒரு நன்மையை எளிதாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

குறைகளை மறைக்கவேண்டியதில்லை. ஷெல் இடைவெளியைக் கண்ட இடத்திலெல்லாம் சொல்லைப் பிரித்துவிடும். ‘பாடத் திட்டம்’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டு, மேற்கோட்குறி இடாமல் அதை ஒரு மாறியில் வைத்து வழங்கினால், ‘பாடத்’ என்று ஒரு கோப்பும் ‘திட்டம்’ என்று மற்றொரு கோப்பும் இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். நம் ஏட்டுச்சுவடிகளில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கம் இல்லை. படிப்பவரே பதம் பிரித்துக்கொண்டார். பதம் பிரிப்பதிற் பிழைபட்டால் பொருள் எவ்வளவு மாறும் என்பதை ஆசிரியர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஷெல்லோ, பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்துவிட்டு ஐயமின்றி வேலையைத் தொடங்கிவிடும். மேலும், ஒரு வரி தவறினாலும் நில்லாமல் அடுத்த வரிக்குப் போகும். நிற்கச் சொல்லி நாம் முன்கூட்டியே ஆணையிட்டிருந்தாலன்றி நில்லாது. மாறி வெறுமையாயிருந்தாலும் கேள்வி கேளாது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்னும் விளையாட்டு நிரலோடு வந்த ஓர் ஆணைக்கோவையில், அடைவின் பெயரைத் தாங்கவேண்டிய மாறி ஒன்று வெறுமையாகிவிட்டது. ‘இந்த அடைவில் உள்ளவற்றை அழி’ என்ற ஆணை ‘வேரிலிருந்து அனைத்தையும் அழி’ என்று ஆகிப் பயனரின் கோப்புகள் மறைந்தன. அது தொடக்க ஆணைக்கோவை அன்று. ஆயினும் தொடக்க ஆணைகள் முழு அதிகாரத்தோடு ஓடுபவை ஆகையால், அங்கே இத்தகைய பிழை நேர்ந்தால் தடுப்பார் எவருமில்லை.

மூன்றாவது குறை, காலம். ஷெல் தானே செய்யக்கூடிய வேலை மிகக் குறைவு. ஒரு கோப்பில் ஒரு சொல்லைத் தேட க்ரெப் என்னும் நிரலையும், ஒரு வரியை வெட்ட கட் என்னும் நிரலையும், திருத்த செட் என்னும் நிரலையும் அது அழைக்கிறது. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய செயல் ஒன்று பிறந்து, வேலை முடித்து, மடிகிறது. லென்னார்ட் பெட்டரிங் என்னும் ஜெர்மானியர் 2010 ஏப்ரலில் எழுதிய கட்டுரையில், தம் பொறியின் தொடக்க ஆணைக்கோவைகளில் க்ரெப் 77 இடங்களிலும், ஆக் 92 இடங்களிலும், கட் 23 இடங்களிலும், செட் 74 இடங்களிலும் அழைக்கப்படுவதை எண்ணிக் காட்டினார். சிறு வேலைக்கெல்லாம் ஓர் ஆளைக் கூப்பிட்டு அனுப்பும் கங்காணியின் தோட்டத்தில் நிரைக்குப் போகவே நண்பகலாகிவிடும் அல்லவா?

வேறு மொழிகளை நாடியோர்

அப்படியாயின் பெர்ல், பைதான் போன்ற வளமான மொழிகளில் தொடக்க ஆணைகளை எழுதினால் என்ன? அவற்றில் தேடுதலும் வெட்டுதலும் மொழிக்குள்ளேயே அடங்கும். புதிய செயல்கள் பிறக்கவேண்டியதில்லை. சொற்பிரிப்புத் தொல்லையும் இல்லை. இக்கேள்வி நியாயமானதே.

முற்காலத்து விடை, துபாஷி இன்னும் வந்து சேரவில்லை என்பது. யூனிக்ஸ் மரபில் இன்றியமையாத சில கருவிகள் மட்டுமே வேர்ப்பகுதியில் இருக்கும். யூஎஸ்ஆர் என்னும் அடைவு வேறொரு வட்டிலோ, வலைவழியே வேறொரு பொறியிலோகூட இருக்கலாம். பெர்லும் பைதானும் அங்கே இருந்தன. அந்த வட்டை இணைப்பதே தொடக்க ஆணைக்கோவையின் வேலைகளுள் ஒன்றாயிருக்க, இணைப்பதற்கு வேண்டிய துபாஷி இணைக்கப்படாத வட்டில் இருந்தால் எப்படி? பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான். இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இத்தடை தளர்ந்துவிட்டது. கருவோடு சேர்த்து ஏற்றப்படும் ஒரு சிறு தற்காலிகக் கோப்பு மரம், யூஎஸ்ஆர் அடைவை முன்னதாகவே இணைத்துவிடுகிறது. 2023இல் வெளிவந்த டெபியன் 12, வேர்ப்பகுதிக் கருவிகளையும் யூஎஸ்ஆர் கருவிகளையும் ஒரே இடத்திற் சேர்த்திருப்பதையே கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே பழைய காரணத்தை இன்று அப்படியே எடுத்து ஓதுவது பொருந்தாது.

பைதானைத் துணிந்து கையாண்டவர் துருக்கியர். 2005இல் துருக்கியின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய டூபிடாக் வெளியிட்ட பார்டுஸ் என்னும் லினக்ஸ், தன் தொடக்க வேலைகளை முதூர் என்னும் பைதான் நிரலிடம் ஒப்படைத்தது. முதூர் என்றால் துருக்கி மொழியில் மேலாளர். மலாய் மொழியில் சமயப் பள்ளித் தலைமையாசிரியரை முடிர் என்பதை நம் நாட்டார் அறிவர். இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் வழி வந்தவையே. செயல்கள் பிறந்து மடியும் வீண்செலவைக் குறைத்துப் பொறியை விரைவில் எழுப்புவது முதூரின் நோக்கம். பிற்காலத்தில் பார்டுஸ் டெபியனை அடியாகக் கொண்டதாக மாறியபோது இம்முறை அங்கே தொடரவில்லை. பைதானுக்கோ இதற்கிடையே வேறொரு சோதனை வந்தது. 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பில் எழுதிய பலவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. 2020 தொடக்கத்தோடு இரண்டாம் பதிப்பின் பராமரிப்பும் நின்றது. பாடப் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்று இக்காரணத்தால் ஓடாமற் போனால் ஒரு வாரம் பொறுத்துத் திருத்திக்கொள்ளலாம். பொறியை எழுப்பும் நிரல் ஓடாமற் போனால் திருத்துவதற்குப் பொறியே எழாது. போர்ன் வழிவந்த ஷெல்லில் 1979ஆம் ஆண்டு நடையில் எழுதிய எளிய ஆணைக்கோவையோ, பெரும்பாலும் இன்றும் மாற்றமின்றி ஓடும்.

வேறிரு முயற்சிகளையும் குறிப்பிடவேண்டும். குனூ அமைப்பின் ஷெப்பர்ட், ஸ்கீம் என்னும் மொழியின் ஒரு வகையாகிய கைல் மொழியில் அமைந்தது. குயிக்ஸ் என்னும் இயங்குதளம் அதனால் எழுகிறது. 2024 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. அங்கே இயங்குதளம் முழுவதற்கும் அதே மொழி வழங்குவதால் தொடக்கத்திற்கும் அதுவே பொருந்துகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தார் கருவுக்கும் முன் எழும் ஏற்றியில் நெடுநாள் ஃபோர்த் என்னும் மொழியை வைத்திருந்தனர். மிகச் சிறிய மொழி. ஆனால் படிக்க வல்லார் வரவர அருகினர். எனவே 2018 டிசம்பரில் வந்த 12ஆம் பதிப்பில், பிரேசில் நாட்டு ரியோ நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த லுவா மொழியை அதனிடத்தில் அமர்த்தினர். மொழி சிறிதாயிருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஆளும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்து செய்த மாற்றம் இது.

துபாஷியை மாற்றினர், மொழியை மாற்றவில்லை

என் கருத்தில் எல்லாவற்றினும் அறிவுடைய செயல் டெபியன் குழுவினருடையது. ஷெல் என்பது ஒரு மொழி. அதைப் படிக்கும் நிரல்கள் பல. லினக்ஸ் உலகில் பெருவழக்காயிருந்தது பாஷ். பயனர்க்கு வேண்டிய வசதிகள் அதில் நிறைய உண்டு. அதனால் அது பெரிது, ஒரு மெகாபைட்டுக்கும் மேல். கென்னத் ஆம்குவிஸ்ட் 1989இல் எழுதிய ஆஷ் என்னும் ஷெல் மிகச் சிறிது. அதை 1997இல் ஹெர்பர்ட் ஷூ என்பார் டெபியனுக்குக் கொண்டுவந்தார். 2002இல் அது டாஷ் என்று பெயர் பெற்றது. ஏறக்குறைய நூறு கிலோபைட் அளவினதாகிய இது, பொதுத்தரத்தில் வகுத்த ஷெல் மொழிக்கு மேல் அதிகம் அறியாது. உபுண்டு 2006 அக்டோபரிலும், டெபியன் 2011 பிப்ரவரியிலும் தொடக்க ஆணைகளைப் படிக்கும் பொறுப்பைப் பாஷிடமிருந்து டாஷுக்கு மாற்றின. பயனர் தட்டச்சிடும் இடத்தில் பாஷ் முன்போலவே இருந்தது.

இம்மாற்றம் ஓர் இலக்கணச் சிக்கலைக் கிளப்பிற்று. தலைவரியில் ‘இது பொதுத்தர ஷெல்’ என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே விளங்கும் சொற்றொடர்களைப் பலர் எழுதி வைத்திருந்தனர். இவ்வழுக்களுக்கு பாஷிசம் என்றே பெயர். பாஷ் படித்தவரை பிழை வெளித்தெரியவில்லை. டாஷ் வந்ததும் ஆணைக்கோவைகள் ஆங்காங்கே நின்றன. செந்தமிழ் என்று தலைப்பிட்டு வட்டார வழக்கில் எழுதிய கட்டுரையை வேற்று வட்டாரத்தார் படித்தது போலாயிற்று. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனி நிரல் செய்து, ஆயிரக்கணக்கான பொதிகளைச் சோதித்துத் திருத்தினர். உழைப்பு வீண்போகவில்லை. 2014 செப்டம்பரில், ஷெல்ஷாக் என்று பெயர் பெற்ற பெருங்குறை பாஷில் வெளிப்பட்டது. வெளியார் அனுப்பும் ஒரு சொற்றொடரை அது ஆணையாகக் கருதி ஓட்டிவிடக் கூடியதாயிருந்தது. பொதுவேலைக்கு டாஷை வைத்திருந்த பொறிகளில் அவ்விடர் புகும் வழிகள் குறைவாயிருந்தன.

இம்முடிவு தமிழ்நாட்டையும் தொட்டது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய லினக்ஸ், டெபியனை அடியாகக் கொண்டது. (முன்னே கூறிய பாஷ் வேறு, இந்தப் பாஸ் வேறு, ஒலியொற்றுமை கண்டு மயங்கற்க.) தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் வைக்கப்பட்டது. எங்கோ அஞ்சல் வழியாக வாதாடிய சிலரின் மொழித் தேர்வு, தமிழ் மாணவன் ஒருவன் விசையை அழுத்தும்போது எத்தனை நொடி காத்திருப்பான் என்பதை முடிவு செய்தது.

வரிசையைச் சொல்வதா, வேலையைச் சொல்வதா?

இதுகாறும் எந்த மொழி என்றே பேசிவந்தோம். ஆனால் இரு வேறு செய்திகளை ஒரே மொழியிற் சொல்ல முயன்றதே பழைய முறையின் பெருங்குழப்பம் என்று பலர் கண்டனர். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பது ஒரு செய்தி. அது எதற்குப் பின் நடக்கவேண்டும் என்பது மற்றொன்று. சிஸ்டம் ஃபைவ் என்னும் யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆணைக்கோவை இருக்கும். அதன் பெயரின் முன் 20, 35 என்று ஈரிலக்க எண் ஒட்டியிருக்கும். எண்வரிசையில் அவை ஓடும். 20க்கு ஏன் 20 என்று கேட்டால் விடையில்லை. இடையில் புதிய பணி ஒன்றைச் செருகுவோர் எண்ணை ஊகித்து வைத்தனர்.

2000 டிசம்பரில் வந்த நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பு இதற்கு ஓர் அழகிய வழி கண்டது. மொழி ஷெல்லே. ஆனால் ஒவ்வோர் ஆணைக்கோவையின் தலையிலும் ‘யான் தருவது இது, எனக்கு முன் வேண்டுவது இது’ என்று குறிப்புரை வரிகள் இருக்கும். ஷெல் அவற்றைக் குறிப்பென்று கடந்துவிடும்; ஆர்சி-ஆர்டர் என்னும் வேறொரு சிறு நிரல் அவற்றை மட்டும் படித்து வரிசையை வகுத்துக் கொடுக்கும். எண்கள் ஒழிந்தன. பின்னர் ஃப்ரீபிஎஸ்டியும் இதனை மேற்கொண்டது.

பெட்டரிங் 2010இல் முன்வைத்த சிஸ்டம்-டி ஒரு படி மேற்சென்றது. அங்கே பணிக்கு ஆணைக்கோவையே இல்லை. பத்துப் பன்னிரண்டு வரி கொண்ட ஓர் அறிவிப்புக் கோப்பு மட்டும் உண்டு. இன்னதற்குப் பின், இன்னது வேண்டும், இந்த நிரலை ஓட்டு, அது மடிந்தால் மீண்டும் எழுப்பு—இவ்வளவே. ‘ஆயின்’ இல்லை, ‘வரை’ இல்லை, சுழற்சி இல்லை. செய்விக்கும் அறிவு முழுவதும் சி மொழியில் எழுதிப் பெயர்த்து வைத்த பெரு நிரலுக்குள் இருக்கிறது. வரிசை தெளிவாகத் தெரிவதால், ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே வேளையில் தொடங்கிவிடவும் முடிகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஏறக்குறைய இத்தகைய அறிவிப்பு மொழியொன்றாலேயே எழுகிறது. ஃபெடோரா 2011 மே மாதத்தில் சிஸ்டம்-டியை ஏற்றது. டெபியனில் வழக்கு முற்றி, 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் தீர்ப்பு வாக்கால் சிஸ்டம்-டி வென்றது. தோற்றவர்களில் சிலர் பிரிந்து சென்று தேவுவன் என்று தனி இயங்குதளமே கண்டனர்.

அவர்களின் கவலை பொருளற்றது அன்று. ஆணைக்கோவையைத் திறந்து படித்து, நின்ற வரியைத் தட்டச்சிட்டுப் பார்க்கும் உரிமை இங்கே குறைகிறது. பெரு நிரலுக்குள் பிழை இருந்தால் சி மொழி அறிந்தவர் வரவேண்டும். ஆயினும் நூறு வரிக்கு மேற்பட்ட ஷெல் கோவையைப் படித்து மயங்குவதினும் பத்து வரி அறிவிப்பைப் படிப்பது எவர்க்கும் எளிது. ஆகவே வரிசையை அறிவிப்பால் சொல்லுக. அறிவிப்பில் அடங்காத வேலையை மட்டும் சிறு ஷெல் கோவையாக, பொதுத்தர மொழியில், பாஷிசம் இன்றி எழுதுக. இதுவே என் தீர்ப்பு. பள்ளிக்கூடத்துப் பொறிக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

தமிழ் எங்கே?

இனி, ஆசிரியர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. இவ்வாணைகளைத் தமிழில் எழுத முடியாதா? முத்தையா அண்ணாமலை இயற்றிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி இருக்கிறதே! எழில் மாணவர்க்கு நிரலாக்கம் கற்பிக்க நல்ல கருவி. ஆனால் அது பைதானின் மேல் அமர்ந்து இயங்குவது. துபாஷிக்கு மற்றொரு துபாஷி வேண்டும் என்னும் நிலை. விடியற்பொழுதுக்கு அது ஏற்றதன்று. ஷெல்லில் மாறிகளின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கவேண்டும் என்பது பொதுத்தர விதி. பைதானின் மூன்றாம் பதிப்பில் தமிழ்ப் பெயர் இடலாம். ஆனால் பைதானுக்குரிய தடைகளை முன்னமே கண்டோம்.

அதனினும் பெரிய தடை திரை. தொடக்கத்தில் தோன்றும் கறுப்புத் திரையைக் கருவே நேராக எழுதுகிறது. லினக்ஸில் அத்திரைக்கு மிகுதியாக 512 எழுத்து வடிவங்களே இடங்கொள்ளும். தமிழுக்கு அவ்வெண்ணிக்கை போதும். ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு வடிவம் என்பதற்கு மேல் அது ஒன்றும் அறியாது. ‘கொ’ என்று எழுத ஒற்றைக் கொம்பைக் ககரத்திற்கு முன்னும் காலைப் பின்னும் இடவேண்டும். குறியீட்டு வரிசையிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். இம்மாற்றத்தைச் செய்யும் அறிவு அந்நேரத்தில் எழுந்திருக்கவில்லை. படமாக வரைந்து காட்டும் பிளைமவுத் போன்ற நிரல் எழுந்தபின்னரே தமிழ் தமிழாகத் தோன்றும்.

ஆயினும் இன்றே செய்யக்கூடியது உண்டு. சிஸ்டம்-டியின் அறிவிப்புக் கோப்பில் பணியின் விளக்கத்திற்கென ஒரு வரி இருக்கிறது. அதில் ஒருங்குறித் தமிழை எழுதலாம். ‘நூலகப் பட்டியல் வழங்கி’, ‘மாணவர் கோப்புகளின் காப்புப்படி’ என்று எழுதி வைத்தால், பொறி எழுந்தபின் தமிழைச் சரியாகக் காட்டும் முனையத்தில் பணிகளின் நிலையைக் கேட்கும்போது அவ்வாறே காட்டும். ஷெல் கோவையில் எண் அடையாளத்திற்குப் பின் வரும் குறிப்புரையும் தமிழில் இருக்கலாம். ஷெல் அதைத் தொடாது. எந்த வரி எதற்காக, எது நின்றால் எதைச் சோதிக்கவேண்டும் என்று தாய்மொழியில் எழுதி வைத்திருந்தால், அடுத்து வரும் ஆசிரியர் பொறியாளரை எதிர்பார்த்து வாரக்கணக்கில் கூடத்தைப் பூட்டிவைக்க நேராது. இடர் நேர்ந்த வேளையில் அக்குறிப்புகள் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்களாகவே தெரியும் ஆகையால், கோவையை ஒரு முறை தாளில் அச்சிட்டுக் கணிப்பொறி மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொள்ளவும்.